சந்தையில் வாங்கின மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி: தோல் கழலையா? மத்ததுகளை எப்படிக் காப்பாத்துறது?

கட்டுத்தறி (கோபி பக்கம்) | 14.10.2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒம்போது நாளைக்கு முன்னால சந்தையில ஒரு செவலை சிந்து மாடு பிடிச்சோம். ரெண்டாம் ஈத்து, நேரத்துக்கு அஞ்சு லிட்டர் கறந்துச்சு. நேத்து காலையில ரெண்டு லிட்டர்தான் இருந்துது. உடம்பு கொதிச்சுது, தட்டை மோந்து பாத்துட்டு விட்டுருச்சு. இன்னைக்குக் காலையில பாத்தா கழுத்து, தோள், மடி எல்லாம் நெல்லிக்காய் மாதிரி கட்டி கட்டியா இருக்குது. கண்ணுல தண்ணி, வாயில எச்சில் நூலா ஒழுகுது. முன்னங்கால் ரெண்டும் வீங்கிருச்சு.

கட்டுத்தறியில மத்தது மூணு உருப்படி. கருப்பி, எச்.எஃப். (சீமை மாடு) கலப்பு, எட்டு மாசச் சினை. ஒரு வருசக் கிடேரி ஒண்ணு. அப்பாவோட மயிலை எருது, காங்கேயம். ஆடி மாசம் ஊருக்குள்ள தடுப்பூசி முகாம் வந்தப்ப கிடேரிக்கும் எருதுக்கும் போட்டோம். கருப்பிக்கு அப்ப அஞ்சு மாசச் சினை, கலைஞ்சுரும்னு அப்பா பிடிக்க விடலை.

அப்பா இது அம்மைங்கறார். வேப்பிலை கட்டு, ஊசி கீசி போடக்கூடாதுங்கறார். செவலைப் பாலும் இதுவரைக்கும் சொசைட்டிக்குத்தான் போச்சு. என்ன பண்றதுன்னே தெரியலைங்க.

ஓய்வுபெற்ற ஊசி | 14.10.2025, இரவு 10.25

தம்பி, 31 வருடம் கால்நடை மருந்தகத்தில் இருந்தவன். மாட்டைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் நீ எழுதியதைப் படித்தால் தோல் கழலைதான் (ஆங்கிலத்தில் லம்பி ஸ்கின் என்கிற வைரஸ் நோய்) முதலில் நினைவுக்கு வருகிறது. ஒன்று செய்து பார். கட்டி ஒன்றை இரண்டு விரலால் பிடி. தோலின் முழுக் கனமும் கல் மாதிரி உருண்டு வந்தால் கழலை. பூச்சிக் கடியில் வரும் தடிப்பு மெத்தென்று இருக்கும், சில மணி நேரத்தில் அடங்கும், காய்ச்சலும் இருக்காது. காணை (கோமாரி) என்றால் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருக்கும். தோள்பட்டைக்கு முன்னாலும் பின்தொடை மடிப்புக்கு முன்னாலும் தடவிப் பார், அங்கே நெறி கட்டியிருந்தால் சந்தேகம் வேண்டாம்.

இந்த ராத்திரி மருந்தைத் தேடி அலையாதே. செவலையை அவிழ்த்து, மத்த மாடுகளுக்குக் காற்று போகாத பக்கமாக, எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் கட்டு. அதற்குத் தனி வாளி, தனிக் கயிறு. கறவை கடைசியில் அதற்கு. காலையில் மருந்தகத்துக்குச் சொல், ஆள் இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடி. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. உன்னிடம் விற்றவரும் அப்படித்தான் யோசித்திருப்பார்.

அப்பாவிடம் சொல்: அவர் சொன்ன பெயர் சரிதான். இது அம்மைக் குடும்பத்து வைரஸ்தான். ஆட்டம்மைக்கும் செம்மறி அம்மைக்கும் உடன்பிறப்பு, வைசூரிக்குத் தூரத்துச் சொந்தம். அந்த வைசூரியை உலகத்திலிருந்தே ஒழித்தது தடுப்பூசி. அதற்காக மாரியம்மன் யாரிடமும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

வேம்படி (சத்தி ரோடு) | 15.10.2025, காலை 5.15

கண்ணு, பயப்படாத. எங்க கட்டுத்தறியில ரெண்டு வருசத்துக்கு முன்னால மூணு மாட்டுக்கு வந்துச்சு. ரெண்டு பொழைச்சுது, ஒண்ணு போச்சு. போனது நோயால இல்ல, எங்களால. மாடு தீனி எடுக்கலைன்னு பக்கத்து ஊட்டு அண்ணன் மூங்கில் கொட்டத்துல கசாயம் ஊத்துனாரு. தொண்டையிலயும் புண்ணு இருந்துருக்குது, விழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிருச்சு. மூணாம் நாள் மூச்சு வாங்கியே செத்துச்சு. அதனால என்ன குடுத்தாலும் நாக்குல தடவு. தலையத் தூக்கிப் பிடிச்சு ஊத்தாத.

வெத்தலை 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம், கொஞ்சம் வெல்லம். அரைச்சு உருண்டையாக்கி நாக்குல தேச்சு விடு. மொத நாள் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, அடுத்த நாள்ல இருந்து ஒரு நாளைக்கு மூணு வேளை, ரெண்டு வாரம். இது நான் கண்டுபிடிச்சதில்ல, மூலிகைப் பயிற்சியில குடுத்த தாள்லயே இருக்குது. டாக்டர் ஊசியும் போடட்டும். வேப்பிலையும் கட்டு, அது பாட்டுக்கு ஈயாவது ஓடும்.

நாட்டுமாடு மட்டும் | 15.10.2025, காலை 7.50

ஜெர்சி, எச்.எஃப்.னு சீமை மாட்டைக் கொண்டாந்ததுக்கு இதுதான் பலன். காங்கேயத்துக்கு எந்த நோயும் வராது. தடுப்பூசி எல்லாம் கம்பெனிக்காரன் பொழப்பு. அந்த எருதைப் பாருங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது.

ஓய்வுபெற்ற ஊசி | 15.10.2025, காலை 8.30

@நாட்டுமாடு மட்டும்: பாதி உண்மை. தடித்த தோல் இருக்கும் நம் மாடுகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போகும். மெல்லிய தோல் உள்ள கலப்பின மாடும், பால் உச்சத்தில் இருக்கும் மாடும், கன்றும்தான் அதிகம் அடிபடும். ஆனால் ‘வராது’ என்று எழுதாதீர்கள். 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் நாட்டு மாடுகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. அங்கே தெருவில் திரிந்ததும் கோசாலையில் நின்றதும் எச்.எஃப். இல்லை.

எருதுக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அதற்கு ஆடியில் போட்ட ஊசிக்கும் கொஞ்சம் பங்கு கொடுங்கள்.

லாரி நாமக்கல் | 15.10.2025, மதியம் 1.10

எனக்கு மாடு கிடையாது, கோழிப்பண்ணை வெச்சிருந்து நஷ்டப்பட்டு இப்ப லாரி. 2022 செப்டம்பர்ல பிகானேருக்கு லோடு கொண்டு போனேன். ஊர் எல்லை வர்றதுக்கு முன்னாடியே கண்ணாடிய ஏத்துனோம், நாத்தம் தாங்கல. ரோட்டோரப் பொட்டல்ல செத்த மாடா கெடந்துச்சு. டீக்கடைக்காரர் சொன்னார், பொதைக்க ஆளும் இல்ல, ஜேசிபி வாடகை குடுக்கக் காசும் இல்லன்னு. நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல செத்துச்சுன்னு அப்புறம் பேப்பர்ல வந்துச்சு. அந்த வருசம் புஷ்கர் சந்தையே மாடு இல்லாமத்தான் நடந்துச்சு.

நம்ம ஊர்ல ஒண்ணு ரெண்டு மாட்டுக்கு வந்தா மூடி மறைக்கறாங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

கட்டுத்தறி | 15.10.2025, இரவு 8.05

டாக்டரம்மா வந்துட்டுப் போனாங்க. கழலைதான்னு சொல்லிட்டாங்க. காய்ச்சல் 105 இருந்துது. காய்ச்சலுக்கு ஒண்ணு, புண்ணுல சீழ் வைக்காம இருக்க ஆன்டிபயாடிக் ஒண்ணு, சத்து ஊசி ஒண்ணு போட்டாங்க. வைரசுக்குன்னு மருந்து கிடையாதாம். ரத்தமும் மூக்குச் சளியும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. நாளைக்குக் கருப்பிக்கும் அக்கம் பக்கத்து மாடுகளுக்கும் தடுப்பூசி போட வர்றாங்களாம். அஞ்சு கிலோமீட்டர் சுத்துவட்டத்துக்கும் போடணும்னு சொன்னாங்க.

செவலையத் தெக்கு வேலியோரம் பந்தல் போட்டுக் கட்டிட்டேன். சந்தேகம் என்னன்னா, அவ்வளவு தூரம் கட்டுனா மட்டும் நின்னுருமாங்க? காத்துல பரவாதா? பாலை என்ன பண்ண? பக்கத்து வீட்டுல ‘மாட்டு அம்மை கொழந்தைக்கு ஒட்டிக்கும்’னு எங்க வீட்டுப் பாலையே இன்னைக்கு வாங்கல.

ஓய்வுபெற்ற ஊசி | 15.10.2025, இரவு 10.50

பால் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த நோய் மனிதருக்கு வராது. காய்ச்சிய பாலில் வைரஸ் தாங்காது. ஆனால் செவலைக்கு ஆன்டிபயாடிக் போட்டாயிற்று, அந்த மருந்து பாலில் வரும். மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் அந்தப் பாலை மனிதர் யாருக்கும் ஊற்றாதே, சொசைட்டிக்கும்தான். பக்கத்து வீட்டுக்காரர் பயந்த காரணம் தப்பு, ஆனாலும் இந்த வாரம் செவலைப் பால் வேண்டாம் என்றது சரி.

இனி பரவும் கதை. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் கருப்பி பிழைப்பது இதில்தான் இருக்கிறது.

காற்றில் பரவுவது பெரிய அளவில் இல்லை. எச்சில், மூக்குச்சளி பட்ட தொட்டி வழியாகக் கொஞ்சம் போகும். பெரும்பங்கு ரத்தம் குடிக்கும் பூச்சிகள்தான்: கடி ஈ, கொசு, உண்ணி. இதில் கடி ஈயைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை, வீட்டு ஈ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பார்க்க அப்படியேதான் இருக்கும். உற்றுப் பார்த்தால் வாயிலிருந்து ஊசி மாதிரி ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரில் உட்கார்ந்தால் தலை மேல்நோக்கி இருக்கும். மாட்டின் காலைத்தான் கடிக்கும். உன் மாடுகள் சும்மா நின்றபடி காலை மாற்றி மாற்றி உதைத்தால் அது வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்.

அதன் கடி வலிக்கும். வலித்தால் மாடு உதறும். பாதி ரத்தத்தில் எழுந்த ஈ அடுத்த மாட்டின் மேல் போய் மீதியைக் குடிக்கும். அதன் வாயில் ஒட்டிய வைரஸ் அப்படியே உள்ளே போகும். ஈக்குள் வைரஸ் வளர்வதில்லை. பயன்படுத்திய ஊசியையே அடுத்த மாட்டுக்கும் குத்துவது மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான். அதனால்தான் தூரம் பயன் தருகிறது: இருபதடி தள்ளி இருந்தால் ஈ பக்கத்து மாட்டுக்குத் தாவும், நூறு இருநூறு அடி தள்ளிப் போனால் அதே மாட்டுக்கே திரும்பும் வாய்ப்பு அதிகம். கொசு வேறு மாதிரி. ஏடிஸ் கொசு வைரஸைச் சில நாள் சுமந்து போய்க் கொடுக்கும் என்று ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. வைரஸ் ரத்தத்தில் ஒன்றிரண்டு வாரம்தான் இருக்கும், ஆனால் கட்டிக்குள் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். விழுந்த பொருக்கிலும் அப்படியே. ஆகவே காய்ச்சல் விட்டது, தீனி எடுக்கிறது என்று அவிழ்த்து மந்தையோடு விட்டுவிடாதே. கட்டியெல்லாம் உதிர்ந்து புண் ஆறும் வரைக்கும் அது பந்தலிலேயே நிற்கட்டும். உதிரும் பொருக்கைக் கூட்டி எரித்துவிடு. நிழலில் கிடந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் சரக்கு அது. நல்ல வெயில் பட்டால் சீக்கிரம் சாகும். தரைக்கு பிளீச்சிங் போதும், சாணியைக் கழுவிவிட்டு ஊற்று. சாணி மேல் ஊற்றினால் பிளீச்சிங்தான் செத்துப்போகும்.

வன்னிப் பட்டி (கிளிநொச்சி) | 16.10.2025, காலை 6.40

டொக்டர் ஐயா சொன்ன ஈக் கதை சரி. எங்கட பக்கம் 2020 கடைசியிலதான் இது முதல் முதலாய் வந்தது. நாங்கள் பெரியம்மை எண்டு சொல்லுவம். எங்களுக்குக் கட்டுத்தறி இல்லை, பட்டி மாடு, ஐம்பது அறுபது ஒண்டாய் இரவில அடைக்கிறது. ஒண்டைப் பிரிச்சுக் கட்ட ஏலாது. மழை துவங்கின நேரம், பட்டிக்குள்ள சேறும் சாணமும் முழங்கால் அளவு. ஒவ்வொரு கிழமையும் புதுசாய் அஞ்சாறு மாட்டுக்குக் கட்டி வந்துகொண்டே இருந்தது. பெரிய மாடுகள் தப்பிவிட்டுது, கன்றுகள்தான் கனக்கப் போனது.

மிருக வைத்தியர் வந்து ஒரே விசயம்தான் சொன்னவர், பட்டியை இடம் மாத்துங்கோ எண்டு. மேட்டு நிலத்துக்கு, வெயில் விழுற இடத்துக்கு மாத்தினம். பழைய இடத்தைக் கூட்டிக் கொளுத்தினம். அதுக்குப் பிறகு குறைஞ்சது. மருந்தை விட இடம் மாத்தினதுதான் உதவினது எண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன்.

கட்டுத்தறி | 16.10.2025, இரவு 9.15

கருப்பிக்குத் தடுப்பூசி போட்டாச்சுங்க. அப்பா எதுவும் பேசலை, திண்ணையில போய் உக்காந்துகிட்டார்.

ஐயா சொன்ன மாதிரி சுவத்துல பாத்தேன். தலை மேல வெச்சுக்கிட்டு வரிசையா உக்காந்திருக்குது. இத்தனை வருசமா அதை வீட்டு ஈன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன். எருக்குழி கட்டுத்தறிக்குப் பத்தடியிலதான் இருக்குது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

ஓய்வுபெற்ற ஊசி | 16.10.2025, இரவு 10.10

அதுதான் அதன் பிரசவ வார்டு. சும்மா சாணியை விட, மூத்திரத்தில் நனைந்த வைக்கோல், மாடு கழித்துப் போட்ட தட்டு, மழையில் ஊறின தீவன மிச்சம் இதெல்லாம் கலந்து புளித்துக் கிடந்தால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். முட்டையிலிருந்து ஈயாகப் பறக்க இந்தச் சூட்டில் இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் இரண்டு தரம் சுத்தமாக அள்ளிவிட்டால் ஒரு புழுவும் ஈயாக முடியாது. எருக்குழியைத் தார்ப்பாய் போட்டு இறுக மூடி, ஓரத்தில் மண் அணை. உள்சூட்டிலேயே புழு வெந்துவிடும்.

மாட்டின் மேல் அடிக்கும் மருந்தை டாக்டரம்மா சொன்ன அளவில், கால், வயிற்றடிக்கு அடி. புண் மேல் படக்கூடாது. அந்திக்கு வேப்பிலை, நொச்சி மூட்டம் போடலாம், ஆனால் செவலைக்கு மூச்சு இரைத்தால் அதன் பக்கம் புகை வேண்டாம். அதற்குக் கொசுவலை கட்டு.

பண்ணை மருந்தகம் ஆஃபர் | 17.10.2025, காலை 11.00

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. ‘மூன்றே நாளில் கழலை குணம்’ என்று மருந்து விற்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை – நெறியாளர்]

கட்டுத்தறி | 20.10.2025, இரவு 10.30

தீபாவளி ராத்திரி பட்டாசுச் சத்தத்துக்கு நடுவுல எழுதறேன். செவலை தீனி எடுக்குது. கட்டி சிலது நடுவுல கருத்து, சுத்தி ஒரு வட்டமா வெடிச்சு நிக்குது. ஒண்ணு அப்படியே கழண்டு விழுந்து, உள்ள விரல் போற அளவு ஓட்டை. பாக்கவே வயித்தைப் பிசையுது. இது எதனால இப்படி ஆகுதுங்க?

ஓய்வுபெற்ற ஊசி | 21.10.2025, காலை 7.00

வைரஸ் தோலின் சின்ன ரத்தக் குழாய்களைத் தாக்கும். குழாய் அடைபட்டால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போகாது, அடிவரைக்கும் செத்துப்போகும். செத்த பகுதி ஆணி மாதிரி கழன்று விழும். ஓட்டை அதனால்தான். இந்த மாட்டுத் தோலைப் பிற்காலத்தில் தோல் மண்டிக்காரர் தொட மாட்டார். கால் வீங்குவதும் இதே காரணம், குழாயிலிருந்து நீர் கசிகிறது.

இனி புண்தான் எதிரி. மழைக்காலம், ஈ முட்டை வைத்தால் புழு விழும். தினம் இரண்டு தரம் பார். மடிக்காம்பில் புண் இருந்தால் மடிநோய் வந்துவிடும், கறக்காமல் விட்டுவிடாதே, கஷ்டப்பட்டாவது கற.

வேம்படி | 21.10.2025, காலை 7.45

புண்ணுக்கு எண்ணெய் காய்ச்சிக்கோ கண்ணு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொரு கைப்பிடி, பூண்டு 10 பல்லு, மஞ்சத்தூள் 20 கிராம். அரைச்சு, அரை லிட்டர் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ ஊத்திக் காய்ச்சி, ஆறவெச்சுத் தடவு. மொதல்ல புண்ணைக் கழுவித் தொடைச்சுட்டுத் தடவோணும். புழு விழுந்துட்டா சீத்தாப்பழ எலைய அரைச்சு வை, இல்லாட்டிச் சூடத்தைத் தேங்காயெண்ணெயில கலந்து ஊத்து. வெளிய வந்து கொட்டும், நாங் கண்ணாரப் பாத்திருக்கேன்.

தண்ணி காட்டும்போது கம்மங்கூழ் கலந்து காட்டு. வாய்ப்புண்ணுக்கு உறுத்தாது.

கட்டுத்தறி | 24.10.2025, காலை 6.20

கருப்பிக்குக் காய்ச்சல் வந்துருச்சுங்க. கழுத்துல நாலு கட்டி தெரியுது. மத்ததுகளுக்கு ஒண்ணுமில்ல.

நாட்டுமாடு மட்டும் | 24.10.2025, காலை 9.30

16-ந் தேதி ஊசி போட்டாங்க, 24-ந் தேதி நோய் வந்துச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்? நல்லா இருந்த சினை மாட்டுக்கு ஊசியால நோயைக் குடுத்துட்டாங்க.

ஓய்வுபெற்ற ஊசி | 24.10.2025, காலை 10.40

இந்தக் கேள்வியை நான் வேலையில் இருந்தபோது எத்தனை வாசல் படியில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. கோபமில்லாமல் பதில் சொல்கிறேன்.

செவலை கட்டுத்தறிக்குள் வந்தது 5-ந் தேதி வாக்கில். பிரித்துக் கட்டியது 15-ந் தேதி. பத்து நாள் கருப்பிக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது, ஈ இரண்டையும் மாற்றி மாற்றிக் கடித்திருக்கிறது. வைரஸ் உள்ளே போய்க் கட்டி தெரிய ஒரு வாரத்திலிருந்து நாலு வாரம் வரை ஆகலாம். தடுப்பூசி முழு எதிர்ப்பு கொடுக்க ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். கருப்பி ஊசி போட்ட அன்றைக்கே பெரும்பாலும் நோயைச் சுமந்திருக்கும். எட்டு நாளில் ஊசியால் ஓடி முந்த முடியவில்லை. ஊசியால் சில மாடுகளுக்குக் கழுத்தில் வீக்கம், ஓரிரு நாள் காய்ச்சல், கொஞ்சம் பால் குறைவு, சில சமயம் சிறு தடிப்புகள் வருவது உண்மைதான். அவை மேலோட்டமாக இருக்கும், பொருக்கு கட்டாமல் அடங்கிவிடும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆடியில் ஊசி போட்ட கிடேரிக்கும் எருதுக்கும் ஏன் வரவில்லை? அதே ஈ, அதே கூரை.

நாட்டுமாடு மட்டும் | 24.10.2025, மதியம் 12.15

எருது காங்கேயம். கிடேரி?

வேம்படி | 24.10.2025, மதியம் 12.30

கிடேரி கருப்பியோட மக. எச்.எஃப். கலப்புதான். அந்தப் பையன் மொதப் பதிவுல எழுதலை, எனக்குப் போன மாசம் போட்டோ அனுப்பிச்சான். இப்ப சண்டைய விட்டுட்டு அந்த மாட்டுக்கு என்ன செய்யலாம்னு சொல்லுங்கப்பா.

ஆனைமலை | 24.10.2025, இரவு 9.00

நடுவுல ஒரு கேள்வி. நம்ம ஊர்ல போடறது ஆட்டம்மை ஊசிதானே? இந்த நோய்க்குன்னே இந்தியாவுல கண்டுபிடிச்சதா சொன்னாங்களே, அது என்னாச்சு?

ஓய்வுபெற்ற ஊசி | 24.10.2025, இரவு 10.20

ஆமாம், பெரும்பாலும் ஆட்டம்மை ஊசி, உத்தரகாசி வகை. உடன்பிறப்பு வைரஸ் என்றேன் அல்லவா, ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றையும் ஓரளவு தடுக்கும். ‘ஓரளவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே நோயின் வைரஸிலிருந்து செய்த ஊசி இன்னும் நன்றாகக் காக்கும். 2015 முதல் 2017 வரை கிரீஸ், பல்கேரியா, செர்பியா பக்கம் பரவியதை நீத்லிங் வகை ஊசியை ஊர் ஊராகப் போட்டுத்தான் அடக்கினார்கள். நம் நாட்டில் 2019-ல் ஒடிசாவில் நோய் முதலில் தெரிந்தது. அதே ஆண்டு ராஞ்சியில் எடுத்த வைரஸிலிருந்து ஹிசார் குதிரை ஆராய்ச்சி மையமும் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து லம்பி-புரோவாக்-இண்ட் என்ற ஊசியைச் செய்து 2022 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தின. பெங்களூரு பயோவெட் கம்பெனியின் பயோலம்பிவாக்சின் ஊசிக்கு 2025 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. அதில், ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்து போன மாட்டையும் ரத்தத்தில் பிரித்தறிய வழி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் மருந்தகத்தில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். நல்ல ஊசி வரட்டும் என்று காத்திருந்து ஊசியே போடாமல் மழைக்காலத்துக்குள் நுழைவதுதான் ஆபத்து. பனிப்பெட்டியில் வருகிறதா, கலக்கிய ஊசியைச் சில மணி நேரத்துக்குள் முடிக்கிறார்களா, மாட்டுக்கு மாடு ஊசி மாற்றுகிறார்களா, இதையெல்லாம் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற டாக்டர் யாரும் இல்லை. நான் கோபித்ததில்லை. கொஞ்சம் கோபித்திருப்பேன்.

லாரி நாமக்கல் | 25.10.2025, காலை 5.50

இந்த வருசம் ஜூன்ல இத்தாலியிலயும் பிரான்சுலயும் இது வந்துச்சு. அங்க ஒரு மாட்டுக்கு வந்தா மந்தையையே கொன்னுடறாங்களாம். நெனச்சே பாக்க முடியல.

கட்டுத்தறி | 1.11.2025, இரவு 11.40

ரெண்டு நாளா எழுத மனசு வரலைங்க. வியாழக்கிழமை ராத்திரி கருப்பி கன்னு போட்டுருச்சு, மூணு வாரம் முன்னாடியே. காளைக்கன்னு. நிக்க முடியலை. நெத்தியிலயும் காதுலயும் சின்னச் சின்னதாக் கட்டி இருந்துது, வயித்துக்குள்ளயே வந்திருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சீம்பால் பீச்சி ஊட்டுனோம். நேத்து சாயங்காலம் போயிருச்சு.

அப்பாதான் குழி வெட்டுனார். ஜேசிபி கூப்புடலாம்னேன், வேண்டாம்னுட்டார். ஆளு மட்டத்துக்கும் கீழ வெட்டி, சுண்ணாம்பு போட்டு, மேல முள்ளு வெச்சு மூடுனார். ‘ஆடியில பிடிச்சிருந்தா ஆயிருக்காதா’ன்னு ஒரு தடவை கேட்டார். நான் ஒண்ணும் சொல்லலை.

கருப்பிக்கு நஞ்சுக்கொடி விழுந்துருச்சு. தீனி கொஞ்சம் எடுக்குது.

வேம்படி | 2.11.2025, காலை 4.50

கண்ணு, அப்பாவைத் தனியா விடாத. காலையில அவரையே கருப்பிக்குத் தண்ணி காட்டச் சொல்லு.

வன்னிப் பட்டி | 2.11.2025, காலை 7.15

மனவருத்தமாய் இருக்குது தம்பி. காப்புறுதி இருந்தால் கன்றுக்கு இல்லாட்டிலும் தாய் மாட்டுக்குப் பதிஞ்சு வையுங்கோ. எங்கட பக்கம் காதுப் பட்டியும் வைத்தியற்ற கடிதமும் இல்லாமல் ஒரு சதமும் வராது.

ஆனைமலை | 2.11.2025, காலை 8.30

இங்கயும் அதேதான். 12 இலக்கக் காதுத் தோடு இருக்கணும், செத்தா டாக்டர் பாத்து எழுதின அறிக்கை இருக்கணும், தோடோட போட்டோ எடுத்திருக்கணும். எங்க ஊர்ல ஒருத்தர் அவசரத்துல பொதைச்சுட்டு அப்புறம் அலைஞ்சார். ஒண்ணும் கிடைக்கலை.

கட்டுத்தறி | 18.1.2026, மாலை 6.30

பொங்கல் முடிஞ்சு எழுதறேன். நெறையப் பேர் தனிச்செய்தியில கேட்டீங்க.

செவலை முழுசா ஆறிருச்சு. உடம்பு பூராத் தழும்பு, சல்லடை மாதிரி. வர்றப்ப நேரத்துக்கு அஞ்சு லிட்டர் கறந்தது இப்ப மூணு. கருப்பி அதோட சாதாரணக் கறவையில பாதிதான் கறக்குது. பருவத்துக்கு இன்னும் வரலை. நோய் கடுமையா வந்துபோன மாட்டுக்கு மாசக்கணக்குல பருவம் தள்ளிப்போகும், பொறுத்துப் பாக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஊர் பொலிகாளைகிட்டக் கொண்டு போக வேண்டாம், சினை ஊசிதான்னு கறாராச் சொல்லிட்டாங்க, காளை விந்துலயும் இந்த வைரஸ் தங்குமாம். கிடேரிக்கும் எருதுக்கும் கடைசி வரைக்கும் ஒரு கட்டி வரலை. பக்கத்துல நாலு கட்டுத்தறியில ஊசி போட்டதுல ஒரே ஒரு மாட்டுக்கு ரெண்டு கட்டி வந்து அடங்கிருச்சு.

எருக்குழியை வடக்கால மாத்தியாச்சு. மாட்டுப் பொங்கலுக்கு அப்பாவே முகாம் எப்ப வருதுன்னு கேட்டுட்டு வந்தார், வருசா வருசம் போடணுமாமேன்னு. அதோட எருது கொம்புக்குச் சாயமும் அடிச்சார்.

நாட்டுமாடு மட்டும் | 18.1.2026, இரவு 8.10

கன்னு போனதுக்கு வருத்தம் தம்பி. அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். என் காங்கேயம் பசுவுக்கு மார்கழியில லேசா வந்துச்சு, அஞ்சாறு கட்டி, பத்து நாள்ல சரியாயிருச்சு. ஊசி போடலை, மூலிகைதான். எங்க கட்சி இன்னும் அதேதான், ஆனா ‘வராது’ங்கறதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஓய்வுபெற்ற ஊசி | 18.1.2026, இரவு 9.00

ஏற்றுக்கொண்டேன்.

புதுப் பண்ணையம் | 19.1.2026, காலை 9.20

இழை முழுக்கப் படிச்சேன். தை கடைசியில ரெண்டு மாடு வாங்கப் போறேன். வாங்கிட்டு வந்து எத்தனை நாள் தனியாக் கட்டணும்? கட்டுத்தறியில ஏற்கெனவே நாலு உருப்படி இருக்குது.

கட்டுத்தறி | 19.1.2026, இரவு 8.45

28 நாளுங்க. ஊசி போட்டு மூணு வாரம் ஆனதாப் பாத்து வாங்குங்க, தோடு நம்பரை மருந்தகத்துல குடுத்து ஊசி ஏறியிருக்குதான்னு கேட்டுக்கலாம். வீட்டுல இருக்கறதுக்கும் இப்பவே போட்டு வெச்சிருங்க. தனியாக் கட்ட எடம் இல்லைன்னா தெக்கு வேலியோரம் நான் போட்ட பந்தல் இன்னும் பிரிக்காம இருக்குது. எப்படிப் போட்டேன்னு வந்து பாத்துட்டுப் போங்க. கொசுவலை கட்டுன அளவையும் சொல்றேன்.